நாலு கலர்ல என் வீட்டுக்காரர்

எங்க வீட்டுக்காரருக்குப் போட்டோன்னா ஆகாது. கேமராவைக் கண்டாப் போதும், போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி நிறுத்தி வச்ச ஆள் மாதிரி நிப்பாரு. கல்யாணப் போட்டோவுலயும் அந்த நிலைதான். அதைப் பாக்கவங்க எல்லாம், "என்ன மதினி, அண்ணாச்சியக் கட்டாயப்படுத்திக் கட்டி வச்சாகளா?"ன்னு என்கிட்டயே கேப்பாக. நேர்ல மனுசன் அப்படி இல்லை. குற்றாலம் ரோட்டுல எங்க சிப்ஸ் கடையில அவரு சிரிச்சாருன்னா, எதுத்த டீக்கடை அண்ணாச்சி என்னவோ ஏதோன்னு கிளாசைக் கழுவாம அப்படியே எந்திரிச்சு வருவாரு. அவ்வளவு சத்தம். ரோட்டுல போறவங்க கையில ரெண்டு சிப்சைத் திணிச்சு, "வாங்காட்டாலும் பரவால்ல, தின்னு பாரும்"னு சொல்லிச் சிரிப்பாரு. அதுக்கே பாதிப் பேரு வாங்கிட்டுப் போவாங்க.

எங்களுக்கு ஒரே மக. பெங்களூருல வேலை. பிஸ்கட்டு, சோப்பு, காப்பித்தூளு இதுகளுக்கெல்லாம் கவர் வரைஞ்சு குடுக்கிற கம்பெனி. கவர் வரைய ஒரு படிப்பா, அதுக்கு ஒரு சம்பளமான்னு நான் வாய்விட்டே கேட்டுருக்கேன். போன வருசத்துக்கு முந்தின வைகாசியில, சாரல் தொடங்குறதுக்கு முன்னால ஊருக்கு வந்தவ, கடையில உக்காந்துக்கிட்டு ஆரம்பிச்சா.

"யப்பா, இன்னும் எத்தனை வருசத்துக்கு இந்தக் கண்ணாடிக் கவர்ல போட்டு ஸ்டேப்ளர் அடிச்சுக் குடுப்பிய? இந்த சீசனுக்கு லிமிடெட் எடிஷன் ஒண்ணு போடுவோம்."

"அப்படின்னா என்னட்டி?"ன்னாரு இவரு.

"இந்த ஒரு தடவைதான். தீந்துச்சுன்னா தீந்துச்சு. திரும்ப அடிக்க மாட்டோம்."

"நல்லா ஓடுச்சுன்னா எதுக்கு நிறுத்தணும்?" கேட்டது நான். யாவாரம் பண்ணுத யாரும் கேக்குத கேள்விதான.

"அதாம்மா அதுக்கு மவுசு. இனி கிடைக்காதுன்னு தெரிஞ்சாத்தான் ஆளுக கவரைப் பத்திரமா எடுத்து வச்சுக்கிடுவாங்க."

சிப்ஸ் கவரை எடுத்து வைக்க நம்ம ஊர்ல யாரு இருக்கா? தின்னு முடிச்சுக் கடைசித் தூளையும் வாயில தட்டிட்டு, கசக்கி எறிவான். அதைச் சொன்னேன். அவ காதுல வாங்கல. கம்ப்யூட்டரைத் திறந்து படம் படமாக் காட்டுனா. பாப் ஆர்ட்டுன்னு பேராம். வெளிநாட்டுல கடையில கிடக்கிற டப்பா, பாட்டிலு, சினிமாக்காரிக மூஞ்சி இதையெல்லாம் பளிச்சுன்னு கலரடிச்சு, ஒண்ணையே வரிசையா அடுக்கிப் பெரிய பெரிய ஹால்ல மாட்டி வச்சுருக்காங்க. பாக்க டிக்கெட்டாம்.

"ஏட்டி, தென்காசியில போஸ்டர் ஒட்டுதவனும் இதைத்தான செய்யுதான்? ஒரே மூஞ்சியைச் செவரு முழுக்க ஒட்டுதான். அதுக்கு யாரு டிக்கெட் போட்டா?"

"அதேதாம்மா! நீ கரெக்டாப் புடிச்சுட்ட"ன்னு எந்திரிச்சு நின்னு கையைத் தட்டுனா. எனக்கும் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறந்தான் சொல்லுதா, கவர்ல போடப் போறது அவ அப்பன் மூஞ்சியாம்.

மறுநா காலையில போட்டோ எடுத்தா. பனியன், தோள்ல துண்டு, பின்னால எண்ணெய்ச் சட்டி. "சிரிங்கப்பா, நல்லா சிரிங்கப்பா"ன்னு இவ சொல்லச் சொல்ல, "சிரிக்கத்தான செய்யுதேன்"னாரு, மூஞ்சியை ஆட்டுரல் மாதிரி வச்சுக்கிட்டு. அதைப் பாத்து நான் சிரிச்ச சிரிப்புல அந்தச் சட்டி எண்ணெய் காஞ்சு, ஒரு ஈடு சிப்ஸ் கருகிப்போச்சு. அதுக்கு நான் போட்ட சத்தத்துல போட்டோ படலம் முடிஞ்சது.

ஆனி பிறந்ததும் கவர் வந்து இறங்குச்சு. பிரஸ்காரன் கொஞ்சமா அடிச்சுத் தரமாட்டானாம், மூட்டை மூட்டையா இருந்துச்சு. ஒண்ணைப் பிரிச்சுப் பாத்தேன். கவரு முழுக்க நாலு கட்டம், நாலுலயும் அவரு. ஒண்ணுல ரோஸ் மூஞ்சி, பச்சை மீசை. இன்னொண்ணுல நீல மூஞ்சி, செவப்பு மீசை. மத்த ரெண்டைக் கேக்கவே வேண்டாம். கன்னத்துல எல்லாம் அம்மை போட்ட மாதிரிப் புள்ளி புள்ளியா இருந்துச்சு. வாய்க்குப் பக்கத்துல ஒரு வெள்ளை வட்டம் போட்டு, அதுக்குள்ள 'தின்னு பாரும்!'னு எழுதியிருந்தா. ஆனா எனக்கு முதல்ல கண்ணுல பட்டது கலரும் இல்லை, எழுத்தும் இல்லை. நாலு கட்டத்துலயும் மனுசன் வாயைத் திறந்து, கண்ணைச் சுருக்கி, அப்படிச் சிரிக்காரு. இருபத்தஞ்சு வருசமா எந்தக் கேமராவும் புடிக்காத சிரிப்பை என் மக புடிச்சுட்டான்னு எனக்கு ஆனந்தம்னா ஆனந்தம்.

"நல்லாவா இருக்கு? திருவிழாக் கோமாளி மாதிரி இருக்கேன்"ன்னாரு இவரு.

"இருக்கத எப்படி மாத்த முடியும்?"னேன்.

அந்த சீசன்ல எங்க கடை முன்னால நின்ன கூட்டம் மாதிரி நான் பாத்ததில்லை. அருவியில குளிச்சுட்டுத் தலை துவட்டாம வருவாங்க, கவரைப் பாப்பாங்க, கவருக்குப் பின்னால நிக்க ஆளைப் பாப்பாங்க. "அண்ணாச்சி, இது நீங்களா?" உடனே செல்பி. கவரைக் கன்னத்துக்குப் பக்கத்துல புடிக்கச் சொல்லுவாங்க, இவரும் புடிப்பாரு. செல்பியில வழக்கம்போல ஆட்டுரல்தான். கவர்ல சிரிக்கவரும் இவரும் அண்ணன் தம்பிகளான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. மீசையை வாரத்துக்கொரு தடவை கத்தரிக்க ஆரம்பிச்சாரு. "பச்சை டை வாங்கட்டா?"ன்னு நான் கேட்டா, "நீ பேசாம காயைச் சீவுட்டி"ன்னுருவாரு. உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு அவருக்கு. எனக்குந்தான்.

கோவமும் வரும். ஐந்தருவிக்குப் போற பாதையில, ஓடையோரம், கார் நிக்க இடத்துல, எங்க பாத்தாலும் அவரு மூஞ்சி கசங்கிக் கிடந்துச்சு. மழைத்தண்ணியில ரோஸ் மூஞ்சி மிதந்து போச்சு. கொரங்கு ஒண்ணு பாலத்துச் செவத்துல உக்காந்து கவரைத் தலைமாட்டுலேருந்து கிழிச்சதைப் பாத்துட்டு நான் கல்லை எடுத்துட்டேன். இவரு என் கையைப் புடிச்சுக்கிட்டு, "குப்பையில கிடந்தாலும் சிரிச்சுக்கிட்டுத்தான கிடக்கேன், உனக்கென்ன?"ன்னாரு. பேச்சுல அவரை ஜெயிக்க முடியாது.

புரட்டாசி கடைசியில, சாரல் அத்துக் கூட்டமும் கொறைஞ்சிருந்தப்ப, ஒரு மத்தியானம் அடுப்பை அணைச்சுட்டு, "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குட்டி"ன்னு சொல்லி, குவிச்சு வச்சுருந்த நேந்திரங்காய்த் தாரு மேல சாஞ்சு உக்காந்தாரு. டீக்கடை அண்ணாச்சிதான் ஆட்டோவுல தூக்கிப் போட்டாரு. தென்காசி போய்ச் சேரல. மேலகரம் தாண்டும்போது என் மடியில கனம் மாறுச்சு. எனக்குத் தெரிஞ்சுட்டு. ஆட்டோக்காரர்கிட்ட மட்டும் சொல்லல, அவரு ஆரன் அடிச்சுக்கிட்டே போனாரு.

கண்ணீர் அஞ்சலி பேனர் இல்லாம எங்க பக்கம் பொணம் எடுக்க மாட்டாங்க. இவருக்குத் தம்பி முறையில ஒருத்தரு, ஃபிளக்ஸ் கடைக்குப் போகணும், போட்டோ குடுங்கன்னு வீட்டைப் புரட்டிப் போட்டாரு. கல்யாண ஆல்பத்தைக் கரையான் அரிச்சிருந்துச்சு. ஆதார் கார்டுல இருக்கிற படத்தை எமனே பாத்தாலும் ஆள் மாறிப்போச்சுன்னு திருப்பி அனுப்பிருவான். அந்த மனுசன் என்ன பண்ணுனாரு, கடையில போயி ஒரு சிப்ஸ் கவரை எடுத்துட்டுப் போயிட்டாரு. ஃபிளக்ஸ் கடைக்காரன் நாலு கட்டத்துல ஒண்ணை வெட்டி எடுத்து, தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் ரோசாப்பூ போட்டு, ஆள் உசரத்துக்கு அடிச்சுக் குடுத்துட்டான். சாயங்காலத்துக்குள்ள மேலகரம் வளைவுல கட்டியாச்சு. ரோஸ் மூஞ்சி, பச்சை மீசை, வாய் நிறையச் சிரிப்பு. தலைக்கு மேல 'கண்ணீர் அஞ்சலி'. 'தின்னு பாரும்!' இருந்த வட்டத்தை எடுக்கத் தெரியாம, அதுக்குள்ள 'இப்படிக்கு குடும்பத்தார்'னு எழுதி வச்சுட்டான்.

நான் அதையெல்லாம் பாக்கல. ஐஸ் பெட்டி பக்கத்துல உக்காந்திருந்தேன். பந்தல் முன்னால ஒரு வெளியூர்க் காரு வந்து நின்னுச்சு. கண்ணாடியை இறக்கி ஒரு பையன், பேனரைப் பாத்துட்டு வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கான், "இந்த சிப்ஸ் இங்கதான் கிடைக்குமா?"ன்னு கேட்டான். ஒப்பாரி அப்படியே நின்னுபோச்சு. தம்பி முறைக்காரரு அவனை அடிக்கப் பாஞ்சாரு. அந்தப் பையன் உள்ள பெட்டியைப் பாத்துட்டு மூஞ்சி செத்துப்போயி, கும்பிட்டுட்டுப் போனான். எனக்குக் கோவம் வரல. பெட்டிக்குள்ள படுத்திருக்கவரு இதைக் கேட்டிருந்தா எப்படிச் சிரிச்சுருப்பாருன்னு நெனச்சேன். அதுவரைக்கும் கல்லு மாதிரி இருந்தவ, அப்பத்தான் வாய்விட்டு அழுதேன்.

பேனரை அவுக்கணும், அசிங்கமா இருக்குன்னு ஒரு கூட்டம். செத்தவங்களுக்குக் கட்டுனதை அவுக்கக் கூடாதுன்னு இன்னொரு கூட்டம். சாவு வீட்டுல இதுக்கு ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. "அங்கனயே இருக்கட்டும். அவரு சிரிச்ச படம் அது ஒண்ணுதான்"னு உள்ளேருந்து கத்துனேன். அதோட விட்டுட்டாங்க. ஐப்பசி மழையில தன்னால கிழிஞ்சது.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பாக்காதது. மூணாவது வீட்டு டீச்சரு ஒரு நா பிரிக்காத சிப்ஸ் பாக்கெட்டோட வந்து நின்னா. "பிள்ளைகளுக்கு வாங்கி வச்சது மதினி. எப்படிக் கிழிக்க? அண்ணாச்சி சாமியாயிட்டாகல்லா"ன்னா. ரோஸ் மூஞ்சி நெத்தியில ஒரு துளி சந்தனம் வேற வச்சுருந்தா. வடகரையிலேருந்து என் தம்பி பொண்டாட்டியும் ரெண்டு பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டாந்தா. உள்ள இருந்த சிப்ஸ் சிக்கு வாடை அடிச்சுப்போச்சு, ஆனா ஒருத்தருக்கும் கிழிக்கக் கை வரல. உசுரோட இருந்தப்ப ஓடையில மிதந்தவரு, செத்ததும் சாமி படம் ஆயிட்டாரு. நான் சிரிக்கதா அழுகதா?

கார்த்திகை பிறந்துச்சு. சபரிமலைக்குப் போற கூட்டம் அருவிக்கு வர ஆரம்பிச்சுட்டு. கடையைத் திறந்தேன். வேற வழி? பழையபடி கண்ணாடிக் கவர்லதான் போட்டேன். "போன தடவை ஒரு சிரிக்கிற கவர் இருந்துச்சே"ன்னு மாலை போட்ட சாமிமாரு கேப்பாங்க. இல்லைன்னுருவேன். மூட்டையில பாதி அப்படியே கிடந்துச்சு. "எலி கடிச்சுரும் மதினி, போட்டு வித்துருங்க"ன்னாரு டீக்கடை அண்ணாச்சி. எப்படி விக்க? என் கண்ணு முன்னாலயே தலைமாட்டுல பல்லை வச்சுக் கிழிப்பான். எரிச்சுரலாம்னு தம்பி முறைக்காரரு சொன்னாரு. "ஒரு தடவை எரிச்சது போதும்"னேன். அவரு அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல.

வீட்டுச் செவத்துல ஆதார் படத்தைப் பெருசு பண்ணி மாலை போட்டு மாட்டியிருக்கு. அதுல இருக்கவரை எனக்குப் பழக்கமே இல்லை. யாரோ கடன் கேட்டு வந்த ஆள் மாதிரி முறைக்காரு. விளக்கேத்திட்டு அந்தப் படத்தைப் பாக்காம வந்துருவேன். அரிசி டிரம்முக்குப் பின்னால ஒரு கவரை வச்சிருந்தேன். வேலை முடிஞ்சதும் அதை எடுத்துக்கிட்டு உக்காருவேன். ஒரு விரலால பச்சை மீசையை மறைப்பேன், உள்ளங்கையால அந்தப் புள்ளிகளை மறைப்பேன். வாய் மட்டும் தெரியும். அது மட்டும் எனக்குப் போதும். எத்தனை கலர் அடிச்சாலும் அந்தச் சிரிப்பு அவரோடதுதானன்னு அதைப் பாத்துப் பேசிக்கிட்டு இருப்பேன். காய் வெலை, கால் வலி, மக கல்யாணத்துக்குப் புடி குடுக்காதது, எல்லாத்தையும்.

மககிட்ட ஒண்ணுதான் கேட்டேன். "அந்தச் சிரிச்ச போட்டோவைக் குடுட்டி. கலரு கிலரு ஒண்ணும் வேண்டாம், அவரு நெறத்துலயே குடு. செவத்துல இருக்கவரை எறக்கிட்டு அதை மாட்டணும்."

"தேடுதேம்மா"ன்னா. அடுத்த வாரம் கேட்டா, பழைய போன்ல இருக்காம். அதுக்கடுத்து கேட்டா கம்ப்யூட்டர் ரிப்பேராம். அப்புறம், "அனுப்புதேம்மா, அனுப்புதேம்மா." மார்கழி முழுக்க இதே பாட்டு. ஒரு போட்டோவை அனுப்ப இந்தக் காலத்துல எவ்வளவு நேரமாகும்? எனக்கு உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

பொங்கலுக்கு வந்தா. எங்களுக்கு அந்த வருசம் பொங்கல் கிடையாது. சாவு விழுந்த வீட்டுல முத வருசம் பானை வைக்கக் கூடாது, சொந்தக்காரங்கதான் கரும்பும் பொங்கலும் கொண்டாந்து குடுப்பாங்க. தெருவெல்லாம் கோலம், எங்க வாசல் மட்டும் வெறுசா இருந்துச்சு. அடுத்த வீட்டுல குலவை போட்ட சத்தம் கேட்டதும் எனக்கு என்னமோ பொறுக்கல.

"எங்கட்டி போட்டோ?"

"அம்மா, அதைப் பத்தி அப்புறம்..."

"என்ன அப்புறம்? ஊர்ல இருக்க சோப்பு டப்பாவையெல்லாம் பத்திரமா வச்சுருக்க, பெத்த அப்பன் ஒரே ஒரு தடவை சிரிச்ச படத்தைத் தொலைச்சுட்டியா? நீயெல்லாம் ஒரு பிள்ளை! உனக்கு அவரு வெறும் கவருதான?"

அவ அழ ஆரம்பிச்சா. நான் விடல. இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத முடியாது.

"தொலைக்கலம்மா"ன்னா. "அப்படி ஒரு போட்டோ இல்லவே இல்லை. அப்பா சிரிக்கவே இல்லம்மா."

போனை எடுத்து என் கையில குடுத்தா. தள்ளித் தள்ளிப் பாத்தேன். பனியன், துண்டு, எண்ணெய்ச் சட்டி. ஒவ்வொண்ணுலயும் அவரு அப்படியே விறைச்சுக்கிட்டு நிக்காரு. கண்ணு கூடச் சிரிக்கல. கடைசியில ஒரு படம். அதுல அவரு இல்லை. நான் இருக்கேன். சீவல் கட்டையைக் கையில வச்சுக்கிட்டு, ஒரு கையால வயித்தைப் புடிச்சுக்கிட்டு, வாயைத் திறந்து, கண்ணைச் சுருக்கிச் சிரிக்கேன்.

"அப்பா நிக்க நிலையைப் பாத்து நீ சிரிச்சல்லா. அதை எடுத்தேன். அந்த வாயையும் கண்ணுச் சுருக்கத்தையும் அப்பா மூஞ்சியில வச்சேன். பல்லெல்லாம் சேத்து ஒரே வெள்ளையாக்கி, மேல மீசையைப் போட்டதும் யாருக்கும் தெரியல."

அரிசி டிரம்மு பக்கத்துல உக்காந்துட்டேன். எத்தனை மாசம் விரலால மீசையை மறைச்சு மறைச்சுப் பாத்தேன். அவருன்னு நெனச்சு என் வாயைப் பாத்தே அழுதுருக்கேன், பைத்தியக்காரி.

"அவருக்குத் தெரியுமா?"

"அப்பாகிட்டதான் முதல்ல காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தாரு. 'உங்கம்மாகிட்ட சொல்லாதட்டி, அவளே கண்டுபிடிக்காளான்னு பாப்போம்'னாரு."

ஒரு சீசன் முழுக்கக் காத்திருந்துருக்காரு. ஊர்க்காரன் எல்லாருக்கும் கவரைக் கன்னத்துல வச்சுக் காட்டுனவரு, நான் கண்டுபிடிப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்துருக்காரு. நான் பச்சை டை வாங்கட்டான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

கண்ணை மூடி அவரு சிரிச்ச மூஞ்சியை நெனச்சுப் பாத்தேன். சத்தம் கேக்குது. டீக்கடை அண்ணாச்சியை எந்திரிக்க வச்ச அந்தச் சத்தம் அப்படியே கேக்குது. மூஞ்சி வரமாட்டேங்குது. எங்கேருந்து நெனச்சாலும் அந்தக் கவர்தான் முன்னால வந்து நிக்குது. அவரு சிரிச்ச மூஞ்சி போட்டோவுலயும் இல்லை, என் கண்ணுக்குள்ளயும் இல்லைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ரெண்டாவது தடவை அவரைத் தூக்கிக் குடுத்த மாதிரி இருந்துச்சு.

மக வந்து என் மடியில தலை வச்சுப் படுத்துக்கிட்டா. "எனக்கும் அப்படித்தாம்மா. அப்பாவை நெனச்சா அந்தச் சிரிப்புத்தான் வருது. உன் மூஞ்சியிலயாவது பாக்கலாம்னு ஓடி வந்தேன். நீ ஒரு தடவை சிரியேம்மா"ன்னா.

பிள்ளை கேக்காளேன்னு முயற்சி பண்ணுனேன். வாயைத் திறந்தேன், கண்ணைச் சுருக்குனேன். அதே வாய்தான், அதே பல்லுதான். சிரிப்பு வரல. அது அவரு நின்ன நிலையைப் பாத்து வந்த சிரிப்பு. அவரு நிக்காம எனக்கு எப்படி வரும்?